முதுகில் மாமாவின் பெயர்

12 செப்ரெம்பர் 2025, வெள்ளி

மகன் நிஷாந்தன் இன்றைக்கும் வாங்கில்தான். ஐஸ் ஹொக்கிப் பருவத்தின் முதல் ஆட்டம், அதுவும் சொந்த அரங்கில். வென்றாயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் பயிற்சியாளர் அவனை ஐஸில் இறக்கினார். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கூப்பிட்டு இருத்தின மாதிரி.

ஆட்டம் தொடங்க முன்னர் நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் முதற்பெயரைச் சொல்ல, சனம் குடும்பப் பெயரைக் கத்தும். ஜேர்மனியில் எல்லா அரங்கிலும் அதுதான் வழக்கம். "ட்ரெவர்" என்றார். "லிண்ட்னர்" என்று கூரை அதிர்ந்தது. ட்ரெவர் கனடாக்காரன், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறகு "நிஷாந்தன்" என்றார். ஒரு முணுமுணுப்பு. சிலர் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டார்கள். பின்னால் யாரோ சிரித்தான். என் பக்கத்தில் இவர் மட்டும் எழுந்து நின்று தொண்டை கிழிய முழுப் பெயரையும் கத்தினார்.

அது இவருடைய அப்பாவின் பெயர். எனக்கு மாமா. நான் வாயே திறக்கவில்லை.

கணவரின் பெயரையும் மாமனாரின் பெயரையும் வாயால் சொல்லாமல்தான் வளர்ந்தேன். கனடாவில் இருக்கிற தங்கச்சி இதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். பகிடி என்னவென்றால், இந்த நாட்டில் என் குடும்பப் பெயரும் அதுதான். டொக்டரிடம் போனாலும் தபால்காரர் வந்தாலும் என்னை மாமாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ரெலிபோனில் பெயர் கேட்டால் நான் சொல்வதில்லை, எழுத்துக் கூட்டுகிறேன். சீக்ஃபிரீட்டில் வருகிற எஸ், ஈடாவில் வருகிற ஐ, விக்டரில் வருகிற வி... பாதியில் மறுபக்கத்துக்குப் பொறுமை போய்விடும். படிவங்களில் ஜேர்மன் எழுத்தில் எத்தனையோ தடவை எழுதியாயிற்று. அது கணக்கில்லை. இந்தக் கொப்பியில் தமிழில் எழுத இன்னும் கை வராது.

15 செப்ரெம்பர், திங்கள்

கழகத்தின் அலுவலகத்தில் என் வேலை வெளிநாட்டு ஆட்டக்காரரின் அலுவல்கள். விசா, வீடு, வங்கி, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்பது வரைக்கும். எனக்கு அந்த வேலையைத் தந்ததற்கு ஒரே காரணம், இந்த ஊரில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் வரிசையில் என்னைவிடக் கூட நின்றவர் யாரும் இல்லை.

இன்று மனேஜர் ஹோல்கர் வந்து மேசையில் சாய்ந்து நின்றார். "சுலோ, லிண்ட்னரின் தாத்தா இங்கே பக்கத்தில் ஃபால்ஸ் பகுதி ஆள். அவனுக்கு ஜேர்மன் பாஸ்போட் கிடைத்தால் எங்களுக்கு ஓர் இடம் மிச்சம்."

கணக்கு இதுதான். எங்கள் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு நாலு வெளிநாட்டவரைத்தான் இறக்கலாம். ட்ரெவர் ஜேர்மன்காரன் ஆகிவிட்டால் அந்த நாலாவது இடத்தில் இன்னொருத்தனைக் கொண்டுவரலாம். யாரை என்று கேட்டேன். பின்லாந்தில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரன் இருக்கிறானாம்.

தடுப்பாட்டத்தில் கடைசி இடம் நிஷாந்தனுடையது. ஹோல்கருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் என்னிடம்தான் தர வேண்டியிருக்கிறது, வேறு ஆள் இல்லை. அவன் கனடாவில் இருக்கும்போதே குடியுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு இரண்டு வருஷமாகிறது, தாத்தாவின் கலியாணப் பதிவு இல்லாமல் அப்படியே கிடக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டும்.

பெரிய அணியில் நிரந்தர ஒப்பந்தம் ஜனவரி முடியமுன் கிடைக்காவிட்டால் ஸ்கேற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பில்டுங்குக்கு, தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்று நிஷாந்தன் கோடையிலேயே சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனது.

ஆக, என் பிள்ளையின் இடத்தைக் காலி பண்ணுகிற வேலையை நானே செய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு, கோப்பியோடு. நல்ல வேலை.

23 செப்ரெம்பர், செவ்வாய்

உடைமாற்றும் அறைக்குப் போகிற நடையில் பழைய அணிகளின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு நாளும் கடந்து போகிறேன், இன்றுதான் நின்று பார்த்தேன். எழுபதுகளில் எல்லாம் உள்ளூர்ப் பெயர்கள், இறைச்சிக்கடைக்காரரின் மகன், மரவேலைக்காரரின் மகன். எண்பதுகளில் எல்லை தாண்டித் தப்பி வந்த செக் நாட்டவர் இரண்டு பேர். தொண்ணூறுகளில் கசகஸ்தானில் பிறந்தவர்கள் வந்தார்கள். ஜேர்மன் பாட்டன் பாட்டி இருந்ததால் அவர்கள் கையில் இந்த நாட்டுப் பாஸ்போட். பிறகு கனடா, கனடா, கனடா.

ஸ்கேற் தீட்டுகிற விக்டர் அந்தத் தொண்ணூறுகளின் படத்தில் இருக்கிறார், அப்போது தலை நிறைய மயிர். "வென்ற அன்று பேப்பரில் 'எங்கள் விக்டர்' என்று போட்டார்கள். தோற்ற அன்று 'அந்த ரஷ்யன்'," என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. தீட்டுகிற கல்லை அணைக்கக்கூட இல்லை.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர் இப்போதைய அணியில் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன். கோல் காப்பவன். நிஷாந்தன். அவ்வளவுதான்.

2 ஒக்ரோபர், வியாழன்

கழகத்தின் ஆண்டு விழாவுக்குப் புது ஜேர்சி. இதுவரை நிஷாந்தனின் பெயர் ஒரு தோள்மூட்டில் தொடங்கி மற்றத் தோள்மூட்டில் முடியும், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில். தைக்கிற ஆட்கள் இந்த முறை அப்படி ஏலாது என்று எழுதியிருந்தார்கள். ஹோல்கர் சொன்னார்: "சிவா என்று போடுவோம். எஸ், ஐ, வி, ஏ, நாலே எழுத்து. சனம் கத்தும், கடையிலும் விற்கும்."

ஓம் என்றேன். அப்போதே ஓடரையும் அனுப்பிவிட்டேன்.

சனம் அவன் பெயரைக் கத்தினால் பயிற்சியாளருக்கும் காது இருக்கிறதுதானே. அதுதான் நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். சிவா என்றால் நானும் கத்தலாம். சிவா மாமாவின் பெயர் இல்லை. ஊரில் எல்லாத் தெருவிலும் ஒரு சிவா இருக்கிறான்.

17 ஒக்ரோபர், வெள்ளி

அறிவிப்பாளர் "நிஷாந்தன்" என்றார். மூவாயிரம் பேர் "சிவா" என்றார்கள். நானும். மகனின் பெயரை அரங்கில் முதன்முறையாகக் கத்துகிறேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பி இவரைப் பார்த்தேன்.

இவர் கத்தவில்லை. இருந்த இடத்திலிருந்து பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நிஷாந்தனின் முதுகு, நாலு எழுத்து.

காரில் வரும்போது கேட்டார், "ஆர் சொன்னது வெட்டச் சொல்லி?"

"இடம் காணாது எண்டு சொன்னவங்கள். நான்தான் ஓம் எண்டனான்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை நீர்."

"நாலு எழுத்துப் போட்டாத்தானே சனம் கத்துது. உங்கட பிள்ளைக்குத்தானே நல்லது."

"அது என்ர அப்பான்ர பேர், சுலோ. அவரைப் பாதியா வெட்டிப்போட்டு எது நல்லது?"

பின் ஆசனத்திலிருந்து நிஷாந்தன் சொன்னான், "அம்மா, என்னட்டயும் கேட்டிருக்கலாம். போடுறது நான்தானே."

ஏன் எனக்கு மட்டும் எல்லாம் பிழையாகப் போகிறது? யாருக்காகச் செய்தேன்? நான் என்ன எனக்காகவோ ஓடுறன்? விசர்தான் பிடிக்குது.

19 ஒக்ரோபர், ஞாயிறு

இவர் ஆட்டத்துக்கு வரவில்லை. கால் நோகிறதாம். அந்தக் காலோடுதான் வேலைக்குப் போய் எட்டு மணித்தியாலம் பண்டகசாலையில் நிற்கிறார்.

26 ஒக்ரோபர், ஞாயிறு

இன்றும் வரவில்லை. இந்த முறை காரணமும் சொல்லவில்லை.

14 நவம்பர், வெள்ளி

வந்துவிட்டது. ஃபால்ஸில் ஒரு கிராமத்துப் பதிவு அலுவலகத்திலிருந்து ட்ரெவரின் தாத்தாவின் கலியாணப் பதிவு, வடிவான முத்திரையோடு. தாத்தா அங்கே பீப்பா செய்தவராம். கனடாவுக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்திருக்கிறார், அதற்கு முன்னரே மகன் பிறந்துவிட்டான். ஆகவே மகன் ஜேர்மன்காரன், மகனுடைய மகனும் ஜேர்மன்காரன். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியாமலே ஜேர்மன்காரர்.

என் பிள்ளை இங்கே பிறந்தான். பிறந்த அன்று அவன் ஜேர்மன்காரன் இல்லை, எங்கள் தற்காலிக விசாவோடு அவனும் ஒரு தற்காலிகம். ஒன்பது வயதில்தான் பாஸ்போட் வந்தது. அதற்கு நான் பரீட்சை எழுதினேன், இவர் சம்பளத் துண்டு காட்டினார், வீட்டு அறைகளின் அளவைக்கூடக் கேட்டார்கள். பீப்பா செய்த தாத்தா ஒருவர் இருந்திருந்தால் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். திங்கட்கிழமை அனுப்பலாம், அல்லது அடுத்த கிழமை. யார் கேட்கப் போகிறார்கள்? அன்ட்ராக் இன்னும் கொஞ்சம் தூங்கினால் ஜனவரி போய்விடும். நிஷாந்தனுக்கு அது போதும்.

தேத்தண்ணி ஊற்றப் போனவள் குடிக்காமலே திரும்பி வந்தேன். எங்களுடைய கோப்பும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒரு பெண்ணின் லாச்சிக்குள் கிடந்தது. அவள் லீவில் போய்விட்டாளாம். அந்த லீவு முடியும்வரை இவர் ஒரு நிரந்தர வேலை எடுக்க முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். முகம் தெரியாத அவளை எத்தனை நாள் வைதிருப்பேன்.

கடிதத்தை எடுத்து, பிரதி அடித்து, தபாலில் போட்டுவிட்டேன். நல்லது செய்தேன் என்ற எண்ணம் கொஞ்சமும் வரவில்லை. என்னை யாரும் மெச்ச வேண்டாம்.

18 டிசம்பர், வியாழன்

ஒரு மாதத்தில் ட்ரெவரின் குடியுரிமை வந்துவிட்டது. இப்படி ஒரு அதிசயத்தை இந்த வேலையில் நான் பார்த்ததில்லை. எங்கள் கடிதங்கள் மட்டும் ஆமையில் ஏறி வரும்.

ட்ரெவருடன் நகராட்சிக்குப் போனேன், பாஸ்போட்டுக்கு அவர்கள் குறித்துத் தந்த டெர்மினுக்கு. அங்கிருந்த பெண் எழுந்து அவனுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். ஜேர்மன்காரி ஒருத்தி சொன்ன வாழ்த்தை ஜேர்மன்காரன் ஒருத்தனுக்கு விளங்கவைக்க நான் தேவைப்பட்டேன்.

அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. நல்ல பொடியன். வாசலில் நின்று, "தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பார்," என்றான். சொல்லும்போது அவனுடைய கண்தான் கலங்கியிருந்தது.

அவனாவது ஒரு மோசமான ஆளாக இருந்திருக்கலாம்.

9 ஜனவரி 2026, வெள்ளி

பின்லாந்துக்காரனைப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் போய்க் கூட்டிவந்தது புதன்கிழமை. குப்பைத்தொட்டி நிறங்களைக் காட்டிக் கொடுத்தேன். இன்று விளையாடினான். நன்றாக விளையாடினான், பொய் சொல்லக்கூடாது.

நிஷாந்தன் வாங்கில்கூட இல்லை, மேலே சனத்தோடு என் பக்கத்தில். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "நீ எங்கே இருந்து வந்தவன்?" என்று கேட்டார். நிஷாந்தன் இந்த ஊர்ப் பேச்சிலேயே தெருப் பெயரையும் சேர்த்துச் சொன்னான். "அது சரி, உண்மையில் எங்கே இருந்து?" அந்த நேரம் ஐஸில் ட்ரெவர் கோல் போட்டான். மனிதர் துள்ளி எழுந்து, "எங்கட ஃபால்ஸ்காரன்" என்று கத்தினார். கேட்ட கேள்வியே அவருக்கு மறந்துபோயிற்று.

நிஷாந்தன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். வால்டோர்ஃபிலிருந்து வத்சலா வந்திருந்தார், சாஃப்ட்வேர் வேலை, சென்னைக்காரர். சர்க்கரைப் பொங்கலை நிறையப் புகழ்ந்துவிட்டு நிஷாந்தனிடம் கேட்டார், "ஏம்ப்பா, ஐஸ் ஹாக்கி எல்லாம் ரிஸ்க் இல்லையா? கிரிக்கெட் டிரை பண்ணியிருக்கலாமே, நம்ம ஆளுங்களுக்கு அதுதானே நேச்சுரலா வரும்?"

"எனக்குக் கிரிக்கெட்டின்ர றூல்ஸே தெரியாது அன்ரி," என்றான்.

இந்த ஊர்ச் சனத்துக்கு இவன் வெளியாள். எங்கள் சனத்துக்கு இவன் விளையாட்டு வெளிவிளையாட்டு. பிள்ளை எங்கேதான் நிற்கிறது?

28 ஜனவரி, புதன்

ஹோல்கர் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இல்லை. "தனிப்பட்ட காரணம் எதுவும் இல்லை, இடக் கணக்கு," என்று எனக்கும் வந்து சொன்னார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேலை போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது நிஷாந்தன் குசினியில் ஸ்கேற்றுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முடிந்தது என்று நினைத்தேன். கழற்றி வைக்கப் போகிறான்.

"அம்மா, ஸ்வார்ஸ்வால்டில ஒரு கழகம் கேக்குது. கீழ் லீக். ஆஸ்பில்டுங்கும் அங்கயே தாறாங்களாம், லிஃப்ற் செய்யிற கொம்பனியில."

"போப்போறியோ?"

"ஓம் எண்டிட்டன். ஒண்டு மட்டும் கேட்டனான்."

"என்ன?"

"ஜேர்சியில முழுப் பேரும் வேணும். எறும்பு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை."

அடுத்த அறையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதன் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

கீழ் லீக். பதினைந்து வருஷம் விடியப்புறத்தில் எழும்பிப் பயிற்சிக்குப் போனது கீழ் லீக்குக்கு. சந்தோஷப்பட வேண்டுமாம். எப்படி? சந்தோஷமில்லை. ஸ்கேற்றைக் கழற்றவில்லை, அது மட்டும்தான்.

5 பெப்ரவரி, வியாழன்

மாலையில் வீட்டு ரெலிபோன் அடித்தது. ஒரு இளம் பெண் குரல், அந்தப் புதுக் கழகத்தின் அறிவிப்பாளராம், பெயர் கத்தரீனா. பகலில் வெதுப்பகத்தில் வேலை. "ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனின் முதல் ஆட்டம். குடும்பப் பெயர் கேட்கத்தான் எடுத்தேன்."

நான் வழக்கம்போலத் தொடங்கினேன், சீக்ஃபிரீட்டில் வருகிற எஸ், ஈடாவில் வருகிற ஐ...

"இல்லை, எழுத்து என்னிடம் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது? எங்கள் சனத்துக்கு நான்தான் பழக்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்."

இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட நாளில் எனக்கு வாய் வரவில்லை. அவள் "ஹலோ, இருக்கிறீர்களா?" என்றாள். ரெலிபோனை எடுத்துக்கொண்டு போய் இவரிடம் நீட்டினேன்.

இவர் முதலில் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இருந்தார். பெயரைத் துண்டு துண்டாகச் சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள். "இல்லை, அங்கே நீட்ட வேண்டும்... ஓம், அப்படி... இன்னொருக்கால்." எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறியது. கடைசியில் அவள் சரியாகச் சொல்லிவிட்டாள் போல, இவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஒக்ரோபருக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

ரெலிபோனைத் திருப்பித் தந்தபோது, "ஞாயிறு எத்தினைக்கு வெளிக்கிடோணும்?" என்றார்.

8 பெப்ரவரி, ஞாயிறு

சின்ன அரங்கு. ஒரு பக்கம் சுவரே இல்லை, காட்டுக் காற்று நேரே உள்ளே வருகிறது. சனம் ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். வாசலில் கொடுத்த ஆட்டத்தாளில் எங்கள் பெயரை ஆறு துண்டாகப் பிரித்துப் போட்டிருந்தாள் கத்தரீனா. பியர்க் கிண்ணமும் கையுமாக ஆட்கள் அதைப் பார்த்து முணுமுணுத்துப் பழகினார்கள். இவர் அந்தத் தாளை மடித்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்தார்.

நிஷாந்தன் முதல் ஆறு பேரில் ஒருவனாக இறங்கினான். முதுகில் தோளிலிருந்து தோள் வரை எழுத்து. இந்த ஊருக்காரருக்கும் தைக்க இடம் காணவில்லை, கடைசி எழுத்துகள் கைப்பக்கம் சரிந்து போயிருந்தன. ஆனால் எல்லாம் இருந்தது.

கத்தரீனா ஒவ்வொரு பெயராகச் சொல்லி வந்தாள். பிறகு, "நிஷாந்தன்" என்றாள்.

சனம் தாளைப் பார்த்தது. ஒருத்தரும் முதலில் தொடங்க விரும்பவில்லை. மூச்சு விடுகிற அளவு நேரம், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஐஸின் நடுவில் என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான், செப்ரெம்பரில் நின்ற மாதிரியே.

அப்போது ஒரு பெண் குரல் தனியாகக் கேட்டது.

"சிவகுருநாதன்."

அது என்னுடையது. அதற்குப் பிறகுதான் அந்த ஐந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள், முன்னும் பின்னுமாக, இடையில் ஒரு எழுத்தை விழுங்கிக்கொண்டு. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நிஷாந்தன் தலையை நிமிர்த்தி, குரல் வந்த பக்கம் தேடினான்.

இவர் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் ஐஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.